குளிர்காய்ச்சலும் ஒரு துளிக் குருதியும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்து அன்பர்கள் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து இலக்கணமோ இலக்கியமோ வரும் என்றே எதிர்பார்த்திருப்பர். அவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். ஒரு நோயைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அதற்குக் காரணமாய் அமைந்ததும் ஒரு தமிழ்ப் பாடவேளையே.

நிந்தவூரிலே பத்தாந்தர மாணவர்க்கு ஒரு சொற் பல பொருள் கற்பித்துக்கொண்டிருந்தேன். 'சுரம்' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டோம். நீரும் நிழலும் அற்ற பாலைவழியும் சுரம், இசையின் ஓசைக்கூறும் சுரம், உடலைச் சுடும் காய்ச்சலும் சுரம் என விளக்கிவிட்டு, "சரி, உங்களுக்குத் தெரிந்த காய்ச்சல்களைச் சொல்லுங்கள் பிள்ளைகளே" என்றேன். டெங்கு என்றான் ஒருவன். எலிக்காய்ச்சல் என்றாள் ஒருத்தி. கொரோனா என்று பலர் ஒருமித்துக் கூவினர். வகுப்பு முழுவதிலும் ஒருவரேனும் மலேரியாவின் பெயரைச் சொல்லவில்லை. அவர்களின் வயதில் எம்மிடம் இவ்வினாவைக் கேட்டிருந்தால் முதலில் நாவில் வந்திருக்கும் பெயர் அதுவே. பிள்ளைகள் அதனை அறியாதிருப்பது கண்டு முதலில் மகிழ்ந்தேன். வீடு திரும்பும் வழியில் அம்மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் சேர்ந்துகொண்டது. அவ்வச்சம் வீண் அச்சமன்று என்பதைக் காட்டவே இதனை எழுதுகின்றேன்.

எமதூர் கடலுக்கும் வயலுக்கும் இடையே கிடக்கும் ஊர். கிழக்கே அலை; மேற்கே கல்லோயா நீர் பாயும் வயல்வெளி. வாப்பா பெரும்போக வேளாண்மைக் காலத்தில் வயல் வாடியிலேயே இராத் தங்குவார். அங்கிருந்து அவர் கொண்டுவந்த நோய் எங்கள் வீட்டில் ஒருவர் பின் ஒருவராக எல்லோரையும் தொட்டது. நண்பகல் வெயில் கொளுத்தும்போது உடல் வெடவெடவென்று நடுங்கும். போர்வைகள் போதாமல் நெல்லுச் சாக்கையும் எடுத்து உம்மா மேலே போடுவார். கட்டிலின் கால்கள் தரையில் தட்டும் ஓசை இன்றும் என் செவியில் இருக்கின்றது. நடுக்கம் அடங்கினால் நெருப்பாய்க் காயும். காய்ந்தபின் ஆறாய் வியர்க்கும். வியர்த்தபின் ஒன்றுமே நடவாததுபோல் எழுந்து சோறு கேட்போம். மறுநாள் ஓய்வு. அதற்கு மறுநாள், ஏறக்குறைய அதே வேளையில், மீண்டும் நடுக்கம். முறை தவறாது வருவதாற் போலும் முன்னோர் இதனை முறைக்காய்ச்சல் என்றனர்.

மருந்தடிக்க வருவோரையும் மறத்தற்கில்லை. முதுகிலே தகரக் கலத்தைச் சுமந்துகொண்டு வீடு வீடாக நுழைவர். உம்மா சட்டி பானைகளை முற்றத்துக்கு எடுத்து மூடிவைப்பார். சுவரெங்கும் மலத்தியன் படிந்து, அதன் நாற்றம் நாட்கணக்கில் நீங்காது நிற்கும். அந்நாற்றத்துக்கு அஞ்சிக் கதவடைத்தவர்களும் எம் தெருவில் இருந்தனர். நாமும் ஒருமுறை அடைத்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மலேரியா என்னும் பெயரே ஒரு பிழையின் நினைவுச்சின்னம். இத்தாலிய மொழியில் அதற்குக் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் தீய ஆவியே நோய்க்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். 1880ஆம் ஆண்டு அல்சீரியாவிற் கடமையாற்றிய பிரெஞ்சுப் படை வைத்தியர் லவரான் என்பார், நோயாளியின் குருதியை நுணுக்குக்காட்டியில் நோக்கி அதனுள்ளே உயிருள்ள ஒட்டுண்ணியைக் கண்டார். 1897ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 20ஆந் திகதி, இந்தியாவிலே செகந்திராபாத்தில், ரொனால்ட் ரொஸ் என்னும் வைத்தியர் அனோபிலிசு நுளம்பு ஒன்றைப் பிளந்து அதன் வயிற்றுச் சுவரில் அவ்வொட்டுண்ணியின் வளர்ச்சியைக் கண்டார். கெட்ட காற்று அன்றோடு ஒழிந்தது. பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது.

நோய் பரவும் வகையை மாணவர் நன்கு மனங்கொள்ளல் வேண்டும். பெண் நுளம்பு கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு ஒட்டுண்ணி உடலினுட் புகுகின்றது. புகுந்ததும் நேரே ஈரலைச் சென்றடைந்து அங்கே ஒளிந்து பெருகுகின்றது. அக்காலத்தில் மனிதனுக்கு நோய்க்குறி எதுவும் தோன்றாது. பின்னர் குருதியிற் பாய்ந்து செங்குழியங்களுட் புகுந்து, அவற்றை உண்டு வெடிக்கின்றது. கோடிக்கணக்கான செங்குழியங்கள் ஒரே வேளையில் வெடிப்பதே அந்த நடுக்கம். ஒட்டுண்ணிகளுட் சில பின்பு ஆண், பெண் வடிவங்களாகின்றன. இன்னொரு நுளம்பு அவற்றைக் குருதியோடு உறிஞ்சினால், ஏறக்குறையப் பத்து நாட்களுக்குப் பின்னரே அந்நுளம்பு பிறருக்கு நோய் கொடுக்கும் வல்லமை பெறுகின்றது. நோயாளியிலிருந்து நுளம்புக்கும் நுளம்பிலிருந்து அடுத்த மனிதனுக்குமாக இச்சங்கிலி நீள்கின்றது. எந்தக் கண்ணியில் அறுத்தாலும் அது அறுந்துபோகும்.

இலங்கையில் இருவகை ஒட்டுண்ணிகளே பெரிதும் நடமாடின. ஒன்று விவாக்ஸ். இது கொல்லுவது அரிது. ஆனால் ஈரலிலே உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து மீண்டும் எழும் இயல்பினது. மற்றது பல்சிபாரம். இது அவ்வாறு ஈரலில் உறங்குவதில்லை. மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிச் சில நாட்களுக்குள்ளேயே உயிரைக் குடிக்க வல்லது.

இனி, நோயை அறியும் வழியைச் சற்று விரித்துக் கூறுவேன். இக்கட்டுரையின் உயிர்நாடி அதுவே. காய்ச்சலைக் கையால் தொட்டு மலேரியா என்று கூற எவராலும் முடியாது. டெங்குவும் சுடும், எலிக்காய்ச்சலும் சுடும், நெருப்புக்காய்ச்சலும் சுடும். நான் மேலே வருணித்த ஒருநாள் விட்டொருநாள் முறையும் எல்லோரிடத்தும் தோன்றுவதன்று. பல்சிபாரத்தில் அம்முறை பெரும்பாலும் குழம்பியே காணப்படும். முறை வரட்டும் பார்ப்போம் என்று காத்திருந்தவர் இறந்துபோதலும் உண்டு. ஆகவே குருதியைக் கேட்டே தீரவேண்டும். விரல் நுனியிற் குத்தி எடுத்த குருதியைக் கண்ணாடித் தகட்டில் இரண்டு விதமாகப் பூசுவர். ஒன்று தடித்த பூச்சு, மற்றது மெல்லிய பூச்சு. தடித்த பூச்சிலே சிறிய இடத்தில் மிகுந்த குருதி அடங்கியிருத்தலின், கிருமி சிலவே இருப்பினும் அகப்பட்டுவிடும். மெல்லிய பூச்சிலே செங்குழியங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாது பரந்து கிடத்தலின், அகப்பட்டது எந்த இனம் என்று வேறுபடுத்தி அறியலாம். பின்பு கீம்சா என்னும் சாயத்தைத் தோய்த்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், நீல உடலும் செம்புள்ளியும் கொண்ட சிறு வளையமாக ஒட்டுண்ணி தோன்றும். முத்துப் பதித்த மோதிரம்போல் இருக்கும் என்பர் கண்டவர்.

ஒரு தகட்டைச் செவ்வையாக நோக்கப் பயின்ற கண்ணும் பொறுமையும் வேண்டும். இந்நாளில் ஒரு கீலத்தில் ஒரு துளியை இட்டுச் சில நிமிடங்களில் கோடு தோன்றுகின்றதா என்று பார்க்கும் விரைவுச் சோதனையும் வந்துள்ளது. தகடு பார்ப்போர் அருகில் இல்லாத இடங்களில் அது பேருதவி. எனினும் தகட்டை அது முற்றாக நீக்கிவிடவில்லை. முதற் சோதனையிற் கிருமி காணப்படவில்லையே என்று கைவிடுதலும் கூடாது. காய்ச்சல் தொடருமாயின் மீண்டும் குருதி எடுத்துப் பார்த்தல் முறையாகும்.

இனம் எது என்று அறிவது எதற்காக? மருந்து அதற்கேற்ப மாறுவதற்காகவே. தென்னமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இற் பிரெஞ்சு இரசாயனவியலார் இருவர் கொயினாவைப் பிரித்தெடுத்தனர். நுவரெலியாவை அடுத்த அக்கலைப் பூந்தோட்டம் இன்று ரோசாவுக்குப் பெயர்பெற்றிருப்பினும், 1861இல் அது தொடங்கப்பெற்றது சின்கோனாவைப் பயிரிடுதற்கே. கொயினாவுக்குப் பின் வந்த குளோரோகுயின் இன்றும் எம் நாட்டில் விவாக்சுக்கு உதவுகின்றது. ஆயின் ஈரலில் உறங்கும் கிருமியை அது தொடமாட்டாது. அதற்குப் பிரைமாகுயின் என்னும் வேறு மருந்தைப் பதினான்கு நாள் உட்கொள்ளவேண்டும். காய்ச்சல் நின்றதும் மருந்தை நிறுத்துவோர் நோயை ஈரலில் வளர்ப்போராவர். சிலர் உடலில் ஜி-6-பி-டி என்னும் நொதியம் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்க்குப் பிரைமாகுயின் செங்குழியங்களைச் சிதைத்துத் தீங்கு செய்யும். கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது. ஆதலின் இம்மருந்து கடையில் வாங்கி விழுங்குவதற்கன்று.

பல்சிபாரம் உலகின் பல பாகங்களிற் குளோரோகுயினை வென்றுவிட்டது. அதற்கு இப்போது ஆர்ட்டிமிசினின் வழிவந்த கூட்டு மருந்துகளே பயன்படுகின்றன. சீனத்துப் பெண் அறிஞர் து யூயூ, ஆயிரத்தறுநூறு ஆண்டுப் பழமையுடைய மருத்துவ ஏடொன்றிற் கண்ட குறிப்பைப் பற்றிக்கொண்டு ஒரு மூலிகையிலிருந்து இதனைக் கண்டார். அதற்காக 2015இல் நோபெல் பரிசும் பெற்றார். அம்மூலிகையைக் காய்ச்சாமல் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு ஏடு கூறியிருந்தது. வெப்பம் மருந்தின் வீரியத்தைக் கெடுக்கக்கூடும் என்பதை அவர் அதிலிருந்து ஊகித்தாராம். பழைய நூலை ஒரு சொல்லும் விடாது படிக்கவேண்டும் என்று நான் வகுப்பிற் சொல்லும்போது மாணவர் சிரிப்பர். இனி இக்கதையைச் சொல்லலாம்.

நுளம்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மிடையே உண்டு. சாக்கடையும் குப்பையுமே எல்லா நுளம்புக்கும் தாய்வீடு என எண்ணுகின்றோம். இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிசு குலிசிபேசிசு அத்தகையதன்று. அது தெளிந்த நீரை நாடுவது, வெயில் படும், அசையாத, மணற்படுகைக் குட்டைகளில் முட்டையிடுவது, இரவிற் கடிப்பது, கடித்தபின் வீட்டுச் சுவரில் இளைப்பாறுவது. சுவருக்கு மருந்தடித்ததன் மருமம் இதுவே. டெங்கு நுளம்போ பகலிற் கடிப்பது. சிரட்டையிலும் பூச்சாடியிலும் தேங்கிய நீரில் வளர்வது. சுவரில் அமர்ந்திருக்கும்போது வால்ப்பக்கம் மேலெழச் சாய்ந்து இருப்பது அனோபிலிசு என்று மாணவர் எளிதில் அடையாளங் காணலாம்.

இந்நுளம்பின் குணத்தை அறியாதார்க்கு 1934ஆம் ஆண்டின் கதை விளங்காது. மழை மிகுந்தாற் காய்ச்சல் மிகும் என்பது பொதுக் கருத்து. அவ்வாண்டிலோ நேர்மாறாகத் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. கேகாலை, குருநாகல் பகுதிகளின் ஆறுகள் ஓட்டம் நின்று தெளிந்த குட்டைகளாயின. ஆண்டின் இறுதியிற் காய்ச்சல் மூண்டது. சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். அந்நாளில் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலிய சூரியமல் இயக்கத்தினர் கிராமந்தோறும் சென்று மருந்தும் உணவும் கொடுத்தனர். பருப்புப் பங்கிட்ட என். எம். பெரேராவுக்குச் சிங்களக் கிராமத்தார் 'பருப்பு மாத்தையா' என்றே பெயரிட்டுவிட்டனர்.

கிழக்கிலே வாழ்ந்த நம் முன்னோர் மலேரியாவை ஆண்டுதோறும் கண்டவர்கள். அப்படியிருக்க, பேரழிவு ஈரவலயமாகிய கேகாலையில் நேர்ந்தது எதனால்? உலர்வலயத்திற் சிறுவயது முதல் மீண்டும் மீண்டும் நோயுற்றுப் பிழைத்தவர் உடலில் ஓரளவு எதிர்ப்பு ஆற்றல் ஊறியிருந்தது. பிள்ளைகளின் வீங்கிய மண்ணீரலே அதற்கு அடையாளம். வைத்தியர்கள் பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரலைக் கணக்கெடுத்தே ஓர் ஊரின் மலேரியாவை அளந்தனர். கேகாலை மக்களுக்கோ அந்த ஆற்றல் இல்லை. நோயை அறியாத உடல். நோயை எதிர்பாராத ஊர். இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில் நெருப்பு வைக்கோற் போரைக் கண்டதுபோலாயிற்று.

பின்பு டீ.டீ.ரீ. வந்தது. 1946 முதல் வீட்டுச் சுவர்களுக்கு அது தெளிக்கப்பட, மலேரியாவால் நேர்ந்த மரணம் விரைந்து வீழ்ந்தது. 1949இற் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்ததும், இங்கினியாகலையில் அணை எழுந்ததும், காடாய்க் கிடந்த நிலத்தில் மக்கள் குடியேறி உயிரோடு நிலைத்ததும் அந்த வெற்றியின் பின்னரே ஆயின. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். அவருள்ளும் பலர் வெளிநாட்டிலிருந்து நோயைக் கொண்டுவந்தோர். இனி என்ன வேண்டும் என்று தெளிப்பு நிறுத்தப்பட்டது. காய்ச்சல்காரரைத் தேடிக் குருதி எடுக்கும் வேலையும் தளர்ந்தது. மழை குன்றியது, ஆறுகள் மீண்டும் குட்டைகளாயின, இரத்தினக்கல் தேடி மக்கள் எலகெரைக் காடுகளுக்குத் திரண்டனர். 1968, 1969ஆம் ஆண்டுகளிற் பதினேழு என்ற எண் பல இலட்சமாயிற்று. 1969இல் மாத்திரம் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். தெளிப்பு மீண்டும் தொடங்கியபோது நுளம்போ டீ.டீ.ரீ.யைத் தாங்கப் பழகிக்கொண்டது. அதனாலேயே நான் சிறுவயதில் முகர்ந்த மலத்தியன் வேண்டியதாயிற்று.

1987இல் நோயாளர் தொகை ஆறு இலட்சத்தையும் தாண்டியது; நானும் என் உடன்பிறந்தாரும் நடுங்கிக் கிடந்தது அக்காலத்திலேதான். அடுத்து வந்தவை போர் ஆண்டுகள். எனினும் மருந்து தெளிப்போரும் குருதி எடுப்போரும் வேலையை முற்றாகக் கைவிடவில்லை. மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வந்தன. நடமாடும் சிகிச்சைக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை எம் கரையைச் சிதைத்தபோது, அகதி முகாம்களில் மலேரியா வெடிக்கும் என உலகமே அஞ்சிற்று. வெடிக்கவில்லை, நோய் மேலும் குறைந்தது. 2012 ஒக்தோபரில் உள்ளூரிலே தொற்றிய கடைசி நோயாளர் பதிவானார். 2016 செத்தெம்பர் 5ஆந் திகதி உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்தது. போரும் கடற்கோளும் கடந்து ஒரு நாடு இதனைச் செய்தமை போற்றத்தக்கது. அப்பெருமை முதுகிற் கலஞ் சுமந்தோர்க்கும் உரியது.

என் அச்சத்துக்கு இப்போது வருகின்றேன். நுளம்பு ஒழியவில்லை, கிருமியே ஒழிந்தது. குலிசிபேசிசு எம் ஆற்றுப் படுகைகளில் இன்றும் பிறக்கின்றது. அது போதாதென்று, கிணற்றிலும் மேனிலை நீர்த்தொட்டியிலும் வளரும் அனோபிலிசு ஸ்டெபென்சி, 2016இன் இறுதியில் மன்னாரிற் கண்டறியப்பட்டது; பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. எம் பிள்ளைகளின் மண்ணீரல் வீங்கவில்லை, நன்று. அதன் மறுபக்கம், அவர்கள் உடலில் எதிர்ப்பு ஆற்றல் இல்லை. 1934இற் கேகாலை இருந்த நிலையிலே இன்று நிந்தவூரும் நாடு முழுவதும் இருக்கின்றன. 2018 மார்கழியில் மொனராகலை மாவட்டத்தவர் ஒருவருக்கு மலேரியா கண்டது. வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரின் குருதியிலிருந்து உள்ளூர் நுளம்பு எடுத்துக் கொடுத்த நோய் அது. உடனே கண்டமையால் அங்கேயே அணைக்கப்பட்டது. மொனராகலை எமக்கு அயல் மாவட்டம்.

எம் தெருவில் நேர்ந்ததையும் சொல்லிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், மாணிக்கக்கல் வியாபாரத்துக்காக மொசாம்பிக் சென்ற இளைஞர் ஒருவர் ஊர் திரும்பி இரண்டாவது வாரத்திற் காய்ச்சலுற்றார். முதலிற் சென்ற இடத்தில் காய்ச்சற் குளிசை கொடுத்தனர். இரண்டாவது இடத்தில் டெங்குச் சோதனை செய்து, இல்லை என்று அனுப்பிவிட்டனர். எங்கே போய் வந்தீர் என்று இரண்டிடத்திலும் எவரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. நான்காம் நாள் கண் மஞ்சளித்து, பேச்சுத் தடுமாறிற்று. பார்க்கச் சென்றோருள் மலேரியாப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரும் இருந்தார். அவர் கட்டிலருகே குனிந்து, "மகன், நீ எந்த நாட்டுக்குப் போய் வந்தாய்?" என்றார். விடையை அவர் மனைவியே சொன்னார். முதியவர் வேறொன்றும் பேசவில்லை. வாகனத்தைப் பிடியுங்கள் என்றார்.

அரசினர் வைத்தியசாலையில் அன்றிரவே தகடு பார்த்தனர். பல்சிபாரம். நாளத்தின் வழியே ஆர்ட்டிசுனேட் ஏற்றினர். மூன்றாம் நாள் அவர் எழுந்து கஞ்சி குடித்தார். நுளம்புக்குக் கிருமி போகாதிருக்க ஒருவேளைப் பிரைமாகுயினும் கொடுத்தனர். இடையில் மலேரியா எதிர்ப்பு இயக்கத்தினர் எம் தெருவுக்கு வந்தனர். கிணறுகளிற் குடம்பி தேடினர். இரவில் விளக்கோடு சுவர்களை ஆராய்ந்தனர். சுற்று வீட்டார் அனைவர் விரலிலும் குத்தினர். முன்னொரு நாள் கதவடைத்த வீட்டுப் பிள்ளையாகிய நானும் கையை நீட்டினேன். எவரிடமும் கிருமி இல்லை.

அவ்விளைஞர் குறித்த நாட்களில் மீண்டும் மீண்டும் குருதி கொடுத்துக் குணமெய்தினார். வெளிநாடு செல்லுமுன் உட்கொள்ளும் தடுப்புக் குளிசையை அவ்வியக்கத்தார் இலவசமாகவே கொடுக்கின்றனர் என்பதை அவர் அப்போதுதான் அறிந்தார். அடுத்த பயணத்துக்கு முன் அதனைப் பெற்றுக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து எடுத்து எனக்கும் காட்டினார். சென்ற மாதம் பத்தாந்தர வகுப்பிற் 'சுரம்' மறுபடியும் வந்தது. இம்முறை அவருடைய தம்பி மகள் முதலாவதாகக் கையுயர்த்தி, "மலேரியா, சேர்" என்றாள்.